பழங்காசு காக்கும் பெட்டி: புதுச்சேரியில் வாங்கி, கடலூரில் பயன்படுத்திப் பார்த்த பின்

மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்கென்று புதுச்சேரியில் நாணயச் சேகரிப்புப் பொருள்கள் விற்கும் ஒரு சிறு கடை, தானே தொகுத்து விற்கும் பாதுகாப்புப் பெட்டி ஒன்றைக் கடந்த ஆடி மாதத்தில் 1,850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வெயிற்காலத்தின் கடைசியிலும், அதன்பின் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கடலூர் வட்டாரத்தில் அதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. குறைகளைக் கடைக்காரரிடமே நேரில் சொல்லிவிட்டேன், அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியில் உள்ளவற்றில் எவையெல்லாம் நம்மைச் சும்மா இருக்கச் செய்கின்றனவோ அவையெல்லாம் அருமையானவை. எவையெல்லாம் கண்டெடுத்த பொருளை உடனே ஏதாவது செய்து பார்க்கத் தூண்டுகின்றனவோ அவையெல்லாம் கேடு செய்பவை.

இப்படியொரு பெட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் டிடெக்டர் எழுப்பும் ஒலிகளில் பெரும்பாலானவை பாட்டில் மூடி, ஆணி, அலுமினியத் தாள் ஆகியவற்றுக்கானவைதாம் என்பது உண்மை. மாசி மகத் தீர்த்தவாரிக்குப் பிறகு யாரேனும் தொலைத்த மெட்டியோ கொலுசோ கிடைத்தால், அதை உரியவரிடம் சேர்ப்பதற்குப் பெட்டி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் இந்த மண் வெறும் மண் அன்று. ஆங்கிலேயர் 1690-இல் விலைக்கு வாங்கி, பிரெஞ்சுக்காரர் 1758-இல் கைப்பற்றிய புனித டேவிட் கோட்டை இந்தத் தேவனாம்பட்டினத்தில்தான் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியின் தலைமையிடமான புதுச்சேரியோ ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் பிரெஞ்சு அல்லிமலர்ச் சின்னமும் மறுபக்கத்தில் தமிழெழுத்தில் புதுச்சேரியின் பெயரும் பொறித்த செப்புத் துட்டுகள் இரு ஊர்ச் சந்தைகளிலும் புழங்கியவை. அப்படியொரு காசு உப்பும் ஈரமும் கலந்த மண்ணுக்குள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒருவிதச் சமநிலையோடு கிடந்துவிடுகிறது. நாம் வெளியே எடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அந்தச் சமநிலை குலைகிறது.

பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைச் சொல்கிறேன். ஒன்றரைச் சாண் நீளத்தில், ரப்பர் விளிம்பும் நான்கு பக்கக் கொக்கிகளும் கொண்ட பாலிபுரோப்பிலீன் டப்பா, அதற்குள் குழிகள் வெட்டிய வெள்ளை பாலிஎத்திலீன் ஃபோம், ஈரப்பொருள்களுக்கென்று தனியாக இரண்டு சிறு டப்பாக்கள், ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல் பொதிகள், ஈரப்பதம் காட்டும் அட்டை, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், மூங்கில் குச்சிகள், நைலான் தூரிகை, நீலக் கையுறைகள், அடையாளச் சீட்டுகள், நாணய உறைகள் கொண்ட ஒரு சிறு ஆல்பம், ‘நாணயம் சுத்தம் செய்யும் திரவம்’ என்று ஒட்டிய ஒரு குப்பி, நான்கு பக்கத் துண்டறிக்கை. தோண்டுவதற்கான கருவி எதுவும் இல்லை. அதை ஒரு குறையாக நான் கருதவில்லை.

ஏனென்றால் தோண்டும்போது தேவைப்படுவது கருவி அன்று, நிதானம்தான். டிடெக்டரின் ஒலி உச்சத்தைத் தொடும் இடத்தில் நேராகக் கொத்தனார் கரண்டியை இறக்குகிறவர்கள் காசின் நடுவில் வெட்டு விழச் செய்கிறார்கள். ஒலி வந்த புள்ளியிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிலும் வட்டமாக வெட்டி, மண்ணைக் கட்டியாகவே பெயர்த்து எடுத்து, அந்தக் கட்டியில் பின்பாயின்ட்டரை (உலோகம் இருக்கும் இடத்தை நெருக்கத்தில் காட்டும் சிறு கைக்கருவி) வைத்துப் பார்த்தால் பொருள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் கட்டியை அங்கேயே உடைக்காமல் அப்படியே டப்பாவில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம். இந்தப் பெட்டியின் ஃபோமில் இரண்டு குழிகள் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக வெட்டப்பட்டிருப்பது இதற்காகத்தான் என்று துண்டறிக்கை சொல்கிறது. யாரோ விவரம் தெரிந்தவர் யோசித்து வெட்டியிருக்கிறார் என்பது அந்த ஓரிடத்திலேயே புரிந்துவிட்டது. பஞ்சு வைக்காமல் விட்டதும் நல்லதே, ஏனெனில் பொரிந்து நிற்கும் களிம்பில் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டால், அதைப் பிரிக்கும்போது பொருக்கும் சேர்ந்தே வந்துவிடும்.

ரெட்டிச்சாவடிப் பக்கம் என் மைத்துனருக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. ஆவணி மாதத்தில், அங்கே மோட்டார்க் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டிப் போட்டிருந்த மண் குவியலில் டிடெக்டர் ஒலித்தது. கட்டியோடு எடுத்து, நிழலில் திண்ணை மீது டப்பாவைத் திறந்து வைத்தபோது, விளிம்பில் ஒரு பச்சை வளைவு மட்டும் தெரிந்தது. எட்டிப் பார்த்த மாமியார், “இங்க குடுங்க மாப்பிள்ளை, கொஞ்சம் புளி போட்டுத் தேச்சா தங்கமா மின்னும்” என்று கை நீட்டினார். குத்துவிளக்கையும் செப்புக் குடத்தையும் ஆயுள் முழுவதும் பளபளப்பாக வைத்திருந்தவர் அவர். அந்த ஆலோசனை அன்பினால் வந்தது. “வேண்டாம் அத்தை, அந்தப் பச்சைதான் காசோட தோல்; தேச்சா எழுத்து போயிடும்” என்றேன். காரணம் இதுதான்: நீண்ட காலம் மண்ணில் கிடந்த செம்பில், காசு அச்சடிக்கப்பட்டபோது இருந்த மேற்பரப்பு பெரும்பாலும் உலோகத்தில் இருப்பதில்லை, அதன்மேல் இறுகிய களிம்புப் படலத்துக்குள்தான் இருக்கிறது. எழுத்தும் சின்னமும் நிற்பது அந்தப் படலத்தில். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் படலத்தைக் கரைத்துவிட்டால், கீழே மிஞ்சுவது குழிவிழுந்த, முகமற்ற செம்புத் துண்டுதான்.

கட்டி தானாகவே காயும்வரை நிழலில் விட்டேன். காய்ந்த மண்ணில் விரிசல் விட்டதும் லென்ஸின் கீழ் வைத்து, ஒட்டாமல் நின்ற மண் துணுக்குகளை மட்டும் நெம்பினேன். பெட்டியில் வந்த மூங்கில் குச்சிகள் இந்த வேலைக்குச் சற்றுத் தடிமன்; அவற்றின் நுனியும் சீக்கிரம் பிசிறிவிடுகிறது. வேலியில் இருந்த சீமைக்கருவேல முள் ஒன்றை ஒடித்துப் பயன்படுத்தினேன். அது வெறும் நாட்டுப்புறக் கைவைத்தியம் இல்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷையரில் 2009-ஆம் ஆண்டு டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் மெட்டல் டிடெக்டரால் கண்டுபிடித்த ஆங்கிலோ-சாக்சன் பொற்புதையலிலிருந்து மண்ணை நீக்கிய வல்லுநர்களும், உலோக ஊசி பொன்னைக் கீறிவிடும் என்பதால் இயற்கை முட்களையே கையாண்டார்கள். முள்ளின் நுனி மண்ணை நெம்பும் அளவுக்கு உறுதியானது, உலோகத்தைக் கீறும் அளவுக்குக் கடினமானது அன்று. மண் துணுக்கு ஒன்று உதிர்ந்தபோது அல்லிமலரின் நடு இதழும், காசைத் திருப்பியபோது மறுபக்கத்தில் ‘பு’ என்ற எழுத்தின் அடிக்கோடும் தெரிந்தன. அது எந்தக் காசு என்று உறுதிசெய்ய அதுவே போதுமானதாக இருந்தது, அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

பெட்டியிலுள்ள நைலான் தூரிகையை யாரும் பயன்படுத்த வேண்டாம். பல் துலக்கும் பிரஷ்ஷைவிட முரடான இழைகள் அவை. செம்புப் பொருள்களை ஒட்டிக் கிடந்த துணி, நூல் ஆகியவற்றைச் செம்பின் உப்புகள் நுண்ணுயிர்கள் அண்டவிடாமல் காப்பதால், களிம்பின் மீது நெசவின் தடம் அப்படியே பதிந்து நிற்பது உண்டு. காசு எந்த முடிச்சில் கட்டப்பட்டிருந்தது, எந்த நெய்த துணி என்பதற்கான ஒரே சாட்சி அதுதான். ஒரு இழுப்பில் அது தூசாகப் போய்விடும். ஓவியர்கள் பயன்படுத்தும் அணில் முடித் தூரிகை ஒன்றைக் கூடுதலாக வாங்கிக்கொள்வது நல்லது, அதுவும் உலர்ந்த மண்ணைத் தள்ளிவிடுவதற்கு மட்டும்.

இனி, இந்தப் பெட்டியின் உண்மையான பெருமைக்கு வருகிறேன். டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பத அட்டை ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்புக்கு மட்டுமே 1,850 ரூபாய் கொடுக்கலாம் என்பேன். கடலோர மண்ணிலிருந்து வரும் செம்பிலும் வெண்கலத்திலும் குளோரைடு உப்புகள் உள்ளே புகுந்து தங்கியிருக்கும். மண்ணுக்கு வெளியே காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்தவுடன் அவை வினைபுரிந்து, வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து, உலோகத்தைத் தொடர்ந்து அரித்துக்கொண்டே போகும். இதைத்தான் வெண்கல நோய் என்கிறார்கள். கரும்பச்சையாக, கெட்டியாக, வழுவழுப்பாக இருக்கும் களிம்பு நிலைத்துவிட்ட களிம்பு. அதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடி, துடைத்த இடத்திலேயே மீண்டும் புள்ளி புள்ளியாகப் பூத்தால்தான் கவலைப்பட வேண்டும். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 42 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை இந்த வினை அடங்கிக் கிடக்கும். கடலூரிலோ பெரும்பாலான காலைகளில் காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. குளிர்நாட்டு வழிகாட்டிகளில் எழுதியிருக்கும் ‘அறை வெப்பநிலையில் அலமாரியில் வைக்கவும்’ என்ற அறிவுரை நம் கடற்கரைக்குப் பொருந்தவே பொருந்தாது.

குடும்பத்தில் வழிவழியாக வந்த செப்புக் காசுகள் சிலவற்றில் இந்த வெளிர்பச்சைப் பொடி முன்பே தெரிந்ததால், அவற்றை இந்த டப்பாவில் வைத்து மழைக்காலம் முழுவதும் கவனித்தேன். ஈரப்பத அட்டையில் 30, 40, 50 என்று மூன்று வட்டங்கள் இருக்கின்றன; அந்தந்த அளவை ஈரப்பதம் தாண்டினால் நீல வட்டம் இளஞ்சிவப்பாக மாறிவிடும். வீட்டுச் சுவரில் நீர் கோத்து நின்ற நாள்களிலும், டப்பாவுக்குள் 40-ஆம் வட்டம் நீலமாகவே இருந்தது. காசுகளில் புதிய பொடி பூக்கவில்லை. மாற்றாக, நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் மூடி போட்ட டிபன் டப்பாவில் அதே அளவு சிலிக்கா ஜெல்லோடு இன்னோர் அட்டையை வைத்துப் பார்த்தபோது, ஒரு வாரம் ஆவதற்குள் மூன்று வட்டங்களும் சிவந்துவிட்டன. ரப்பர் விளிம்பின் அருமை அப்போதுதான் தெரிகிறது. ஆரஞ்சு மணிகள் கரும்பச்சையானதும் ஓவனில் 110 பாகை செல்சியசில் சூடேற்றினால் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடுகின்றன. ஆகவே மறுபடி மறுபடி வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

இதே சிலிக்கா ஜெல்லைப் பற்றித் துண்டறிக்கை செய்திருக்கும் ஒரு தவறு பெரியது. ‘கண்டெடுத்த எல்லாப் பொருள்களையும் உடனே உலர்த்தி இதில் வைக்கவும்’ என்கிறது அது. கடலோர ஈரமணலிலிருந்தோ ஆற்றுச் சேற்றிலிருந்தோ வரும் மரப்பிடி, தோல் வார், இரும்பு ஆகியவற்றை அப்படி உலர்த்தினால் மரமும் தோலும் சுருங்கி வெடிக்கும், இரும்பு ஏடு ஏடாக உரியும். ஈரமாகக் கிடைத்தது ஈரமாகவே இருக்க வேண்டும், உலர்ந்து கிடைத்தது உலர்ந்தே இருக்க வேண்டும் என்பதுதான் இத்துறையில் அனைவரும் பின்பற்றும் விதி. அதற்காகவே இரண்டு ஈர டப்பாக்களைப் பெட்டியில் வைத்துவிட்டு, அவற்றை எதற்குப் பயன்படுத்துவது என்று ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருப்பது வருத்தமளிக்கிறது. கிடைத்த இடத்து நீரோடு அந்த டப்பாவில் போட்டு, மூடி, வல்லுநரிடம் கொண்டு சேர்ப்பதோடு நம் வேலை முடிகிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டிலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டு, நோய்ப்பட்ட செப்புத் திருமேனிகளுக்குச் சிகிச்சை செய்யும் மரபு நம்மிடமே வளர்ந்திருக்கும்போது, வீட்டுக் கழுவுதொட்டியில் அந்த வேலையைத் தொடங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அடுத்தது அந்தக் குப்பி. மூடியைத் திறந்ததும் மூக்கில் புளிப்பு ஏறுகிறது. லிட்மஸ் தாளை நனைத்தால் சட்டென்று சிவக்கிறது. என்ன அமிலம் என்று சீட்டில் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும், மாமியாரின் புளி செய்யவிருந்த அதே வேலையை இது இன்னும் வேகமாகச் செய்யும். நாணயம் சேகரிப்பவர்களிடம் கேட்டாலும், சுரண்டிப் பளபளப்பாக்கிய காசுக்கு மதிப்புக் குறைவு என்றே சொல்வார்கள். துண்டறிக்கையில் மாற்று யோசனையாகச் சொல்லியிருக்கும் தேங்காய் எண்ணெய் ஊறலும் வேண்டாம். எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்கள் செம்பின் உப்புகளை மெதுவாகக் கரைத்து, களிம்பின் நிறத்தையும் கறுப்பாக்கிவிடும். வெளிநாடுகளில் ஆலிவ் எண்ணெயில் ஊறவைக்கும் பழக்கத்தை இங்கே தேங்காய் எண்ணெயாக மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆல்பத்தின் உறைகளும் சரியில்லை. தொட்டால் குழைவாகவும், புது ரெயின்கோட்டின் நெடியோடும் இருந்ததால் ஐயம் எழுந்தது. செப்புக் கம்பியின் நுனியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, உறையின் ஓரத்தில் ஒற்றி, மீண்டும் தீயில் காட்டினேன். சுடர் பச்சையாக மாறியது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் என்பதற்கு அதுவே அடையாளம். இந்தச் சோதனையைச் செய்பவர்கள் வெளியில், காற்றோட்டமான இடத்தில், மிகச் சிறிய துணுக்கை வைத்துச் செய்யுங்கள். அந்தப் புகை நல்லதன்று. பிவிசி உறைகள் நாளடைவில் அமிலத்தைக் கசியவிட்டுக் காசின் மீது பச்சைப் பிசினைப் படியச் செய்யும். கையில் மடக்கினால் மொடமொடவென்று ஒலிக்கும் பாலியஸ்டர் உறைகளே பாதுகாப்பானவை, அவை தனியாக எளிதில் கிடைக்கின்றன. ஈயக் காசுகளும் ஈயக் குண்டுகளும் வைத்திருப்பவர்கள் மரப்பெட்டியையும் அட்டைப்பெட்டியையும் தவிர்க்க வேண்டும். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். கையுறைகள் சிறிய அளவில் மட்டுமே இருக்கின்றன, என் கைக்கு நுழையவில்லை.

அடையாளச் சீட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இடம், ஆழம், தேதி, மண்ணின் தன்மை, உடன் கிடைத்தவை என்று ஐந்து கட்டங்கள் அச்சிட்ட தடித்த சீட்டு. பென்சிலால் எழுதினால் ஈரத்தில் கரைவதில்லை. ஒரு பொருள் எங்கே, எந்த நிலையில் கிடந்தது என்ற செய்தி போய்விட்டால், பொருள் எவ்வளவு முழுமையாக இருந்தாலும் அதன் வரலாறு பாதியாகிவிடுகிறது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், ஃப்ரோம் என்ற ஊருக்கு அருகே 2010-இல் டேவ் கிரிஸ்ப் என்பவர் ஒரு பானையின் விளிம்பைக் கண்டதும், தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியல் அறிஞர்களுக்குச் சொல்லி அனுப்பினார். அந்தப் பானையில் 52,503 ரோமானியக் காசுகள் இருந்தன. அறிஞர்கள் அவற்றை அடுக்கடுக்காக எடுத்ததால், பிரிட்டனை ஆண்ட கரௌசியஸ் என்ற ரோமானிய ஆட்சியாளரின் காசுகளில், அதாவது பானையில் இருந்தவற்றில் காலத்தால் பிந்திய காசுகளில், பெரும்பாலானவை பானையின் கீழ்ப்பாதியில் கிடந்தது தெரியவந்தது; சிறுகச் சிறுகச் சேமித்த பானை அன்று, ஒரே தடவையில் நிரப்பிப் புதைத்தது என்ற முடிவுக்கு அதனால்தான் வர முடிந்தது. அவரே ஆசையோடு பானையைக் கவிழ்த்திருந்தால் காசுகள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

சீட்டு இவ்வளவு நன்றாக இருக்கும்போது, துண்டறிக்கையில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததுதான் என் மிகப் பெரிய குறை. இந்தியப் புதையல் சட்டம், 1878-இன்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்பவற்றை அந்தக் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். மறைப்பவருக்குச் சிறைத்தண்டனை வரை உண்டு. பெட்டியின் சீட்டில் ‘பொருள்’, ‘மதிப்பு’ என்று இரண்டு கட்டங்களை மட்டும் கூட்டினால், சட்டம் கேட்கும் விவரம் அத்தனையும் அதிலேயே வந்துவிடும். தோப்பில் கிடைத்த துட்டைப் பற்றி நான் எழுதிய கடிதத்தைச் சீட்டைப் பார்த்துத்தான் நிரப்பினேன். காசையும் பாலியஸ்டர் உறையில் போட்டு, சீட்டோடு சேர்த்தே ஒப்படைத்தேன்.

அரிக்கமேட்டை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதுச்சேரியில் இப்படியொரு பெட்டியை வாங்கும் புதியவர்களின் எண்ணம் முதலில் அங்கேதான் போகும். மார்ட்டிமர் வீலர் 1945-இல் அகழ்ந்து, ரோமானிய உலகோடு நமக்கிருந்த வாணிகத்தை உலகறியச் செய்த அந்த இடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. பாதுகாக்கப்பட்ட இடங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகுத்திருக்கிறது. டிடெக்டரை அங்கே எடுத்துச் செல்ல எந்த நியாயமும் கிடையாது. ஆற்றங்கரையில் மழை கழுவிய மண்ணில் ஒரு கண்ணாடி மணியைக் கண்டாலும், அதன் இடத்திலேயே விட்டுவிட்டு அங்குள்ள காவலரிடம் சொல்லுங்கள். மண்ணடுக்கில் அது இருந்த இடம்தான் ஆய்வாளருக்கு வேண்டியது, நம் பெட்டியில் இருக்கும் இடம் அன்று.

கடைக்காரரிடம் இவை எல்லாவற்றையும் சொன்னபோது, குப்பியையும் பிவிசி ஆல்பத்தையும் வேண்டாம் என்பவர்களுக்கு அவற்றுக்குப் பதிலாகக் கூடுதல் சிலிக்கா ஜெல் பொதிகளும் பாலியஸ்டர் உறைகளும் தருவதாக ஒப்புக்கொண்டார். துண்டறிக்கையில் ஈரப்பொருள்களைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் அடுத்த முறை அச்சிடும்போது சேர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். ஆகவே வாங்குபவர்கள் கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்த்து, இந்த மாற்றத்தைக் கேட்டு வாங்குங்கள். மூடியின் ரப்பர் விளிம்பு எங்கும் பிதுங்காமல் சுற்றிலும் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஈரப்பத அட்டை இன்னும் நீலமாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.